டிரையருக்குள் போகும் தண்ணீரைக் குறைத்தால் கரண்ட் தானாகக் குறையும்

துவைத்துப் பிழிந்த துணியை, சூடான காற்றில் உலர்த்தும் டிரையருக்குள் தள்ளுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள். கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் சின்னத் தராசு போதும். அது இல்லையென்றால் ஆள் எடை பார்க்கும் மெஷினில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறுங்கள், வெறுங்கையோடு ஒரு தடவை ஏறுங்கள், கழித்துக்கொள்ளலாம். காய்ந்து வெளியே வந்ததும் அதே துணியை மறுபடி எடை போடுங்கள். நான் போட்டபோது ஈரத்தில் 7.6 கிலோ, காய்ந்த பிறகு 4.8 கிலோ. நடுவில் காணாமல் போன 2.8 கிலோவும் தண்ணீர்தான், அதாவது 2.8 லிட்டர். பிளக்குக்கும் டிரையருக்கும் நடுவே செருகியிருந்த சின்ன மீட்டர் அந்த ஒரு ஓட்டத்துக்கு 2.9 யூனிட் காட்டியது. லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்! அந்தக் கணக்கு கையில் வந்த பிறகு டிரையரை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. எத்தனை நிமிடம் ஓடுகிறது, எந்தப் பட்டனை அழுத்தினோம் என்பதெல்லாம் அப்புறம். உள்ளே எத்தனை லிட்டர் தண்ணீர் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

காரணம் எளிது. தண்ணீரை ஆவியாக்குவதற்கு என்று ஒரு விலை இருக்கிறது, அதை எந்த மெஷினும் ஏமாற்ற முடியாது. டிரையருக்குள் இருக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், யூனிட்டில் சொன்னால் 0.67. இதுபோக டிரம்மின் இரும்பும் துணியும் சூடாக வேண்டும், சூடான காற்றில் ஒரு பங்கு வீணாக வெளியே போகும், டிரம்மைச் சுற்ற மோட்டார் ஓடும், எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 0.9 முதல் 1.1 யூனிட் வரை வந்து நிற்கிறது. இது வெறும் ஹீட்டர் வைத்த சாதாரண டிரையரின் கணக்கு. ஹீட் பம்ப் டிரையரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சாதாரண பிளக்கில் ஓடும் டிரையரின் ஹீட்டர் 2,000 முதல் 3,000 வாட் வரை இழுக்கும், தனி லைன் போட்டு ஓட்டும் பெரிய டிரையர்களில் 5,000 வாட்டைத் தொடும். சுற்றும் மோட்டாரும் விசிறியும் சேர்ந்து வெறும் 200, 300 வாட்தான். ஆகவே டிரம் சுற்றுவதால் கரண்ட் போகவில்லை, சூடு பண்ணுவதால்தான் போகிறது.

சரி, தண்ணீரை எப்படிக் குறைப்பது? பெரும்பாலும் அந்த வேலை முடிவதே வாஷிங் மெஷினில்தான். துணியைச் சுழற்றிப் பிழிந்து எடுக்கிற தண்ணீருக்கு ஆகும் கரண்ட், அதே தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஆகும் கரண்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்தால் உலர்ந்த எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் துணியிலேயே தங்கிவிடும். 1,000 சுற்று என்றால் சுமார் 60, 1,400 என்றால் சுமார் 50, 1,600 வரை போகிற மெஷினில் 45க்குப் பக்கத்தில் வரும். மெஷினுக்கு மெஷின், துணிக்குத் துணி கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். 7 கிலோ துணிக்குப் போட்டுப் பாருங்கள்: 800 சுற்றில் 4.9 லிட்டர், 1,400 சுற்றில் 3.5 லிட்டர். நடுவில் இருக்கிற 1.4 லிட்டர், டிரையரில் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாரம் மூன்று தடவை ஓட்டுகிற வீட்டில் வருடத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல். இதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு பட்டனைத் திருப்புவது.

உங்கள் மெஷினில் வேகத்தைக் கூட்டும் வசதி இல்லையென்றால் துவைத்து முடிந்ததும் ஸ்பின் மட்டும் இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கனமான துண்டு, ஜீன்ஸ், படுக்கை விரிப்பு இவற்றுக்கு இந்த இரண்டாவது பிழிதல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பலன் தரும். மெல்லிய சட்டைக்கு அவ்வளவு வித்தியாசம் இருக்காது, கசங்கல்தான் மிஞ்சும். கம்பளி, பட்டு எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள், அவை டிரையருக்கே ஆகாதவை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே ஒரு பெரிய போர்வையைத் தனியாகப் போட்டாலோ, நாலு கனத்த துண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டாலோ, டிரம் ஆட்டம் கொடுக்கும், அதைப் பார்த்து வாஷிங் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் 1,400 வைத்திருப்பீர்கள், அது 600இலேயே முடித்துவிட்டு நல்ல பிள்ளை போல மணி அடிக்கும். துணியை எடுக்கும்போது கை நனைகிறது, சொட்டுகிறது என்றால் அப்படியே டிரையரில் போட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து துணியை உதறிப் பிரித்துப் பரப்பி இன்னொரு ஸ்பின் கொடுங்கள். ஒரு போர்வை மட்டும் என்றால் கூட இரண்டு மூன்று துண்டு சேர்த்தால் டிரம் சமநிலைக்கு வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்டால் டிரையர் கூடுதலாக அரைமணி நேரம் ஓடும்.

பிழிந்ததற்கு அடுத்த வழி கொடி. முழுக்கக் கொடியிலேயே காயவிட முடிந்தால் டிரையருக்கு வேலையே இல்லை, அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் இடமில்லை, வெயில் இல்லை, துண்டு மொறமொறவென்று ஆகிவிடுகிறது என்று டிரையருக்குப் போகிறவர்கள் இரண்டையும் கலந்து செய்யலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கொடியிலோ, மடக்கு ஸ்டாண்டிலோ விரித்துப் போட்டு, தொட்டால் சில்லென்று இருக்கும் பதத்துக்கு வந்ததும் டிரையரில் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றவிடுங்கள். தண்ணீரில் பெரும்பங்கு சும்மாவே போயிருக்கும், துண்டும் மெத்தென்று வரும். வீட்டுக்குள் விரித்தால் மேலே மின்விசிறியை ஓடவிடலாம், 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட்தான். ஏசி ஓடும் அறையில் மட்டும் ஈரத் துணியைக் காயப்போடாதீர்கள். துணியிலிருந்து வருகிற ஈரத்தை ஏசி உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், அதற்கும் கரண்டு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இனி டிரையருக்குள்ளே வருவோம். கரண்ட் பெரிய அளவில் வீணாகும் இரண்டாவது இடம், காய்ந்த துணியை மேலும் காயவைப்பது. பருத்தி எப்போதும் முழு உலர்வாக இருக்காது. சாதாரண அறையில் மடித்து வைத்த சட்டையிலேயே அதன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் உண்டு, காற்றிலிருந்து அதுவே உறிஞ்சிக்கொள்ளும். டிரையரில் போட்டு அந்த ஈரத்தையும் விரட்டினால் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்தில் துணி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து விரட்டியது வீண். அதுவும் கடைசிச் சொட்டு ஈரம்தான் வெளியேற மிகவும் அடம்பிடிக்கும். தொடக்கத்தில் துணியின் மேலே நிற்கும் தண்ணீர் சுலபமாக ஆவியாகும், நூலின் உள்ளே ஒட்டியிருப்பது மெதுவாகத்தான் வரும், அந்த நேரத்தில் ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் துணிக்கும் வெளிக்காற்றுக்கும் போகிறது. துணி சுருங்குவதும், எலாஸ்டிக் தளர்ந்து போவதும் இந்தக் கடைசிக் கால்மணியில்தான் அதிகம்.

ஆகவே டைமரை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் என்று திருகிவிட்டால் நாற்பதாவது நிமிடம் காய்ந்திருந்தாலும் அது ஒரு மணி நேரம் ஓடும். ஈரத்தை உணரும் சென்சார் வைத்த டிரையர் என்றால் சென்சார் முறையிலேயே ஓட்டுங்கள். அதிலும் பல அளவுகள் இருக்கும்: இஸ்திரி போடும் பதம், அலமாரியில் மடித்து வைக்கும் பதம், அதற்கும் மேலே அதிகபட்சம் என்று ஒன்று. இஸ்திரி போடப் போகிற சட்டைக்கு எதற்கு முழு உலர்வு? அதன் மேல் எப்படியும் தண்ணீர் தெளிக்கத்தானே போகிறோம். அதிகபட்சம் என்கிற அளவை ஜீன்ஸுக்கும் தடித்த துண்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், என் வீட்டில் அவற்றுக்குக்கூட வைப்பதில்லை. சென்சார் இல்லாத மெஷின் என்றால் வழக்கமாக வைப்பதைவிடப் பத்து நிமிடம் குறைத்து வைத்து, நின்றதும் தொட்டுப் பாருங்கள். சட்டையின் நடுப்பகுதியைத் தொட்டால் தெரியாது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டை, பாக்கெட்டின் உள்துணி, தலையணை உறையின் மூலை, துண்டின் ஓரத் தையல், இங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். அந்த இடங்களில் லேசான சில்லிப்பு மட்டும் இருந்தால் உதறி மடிக்காமல் அரைமணி விரித்துப் போடுங்கள், மீதியை அறைக்காற்று பார்த்துக்கொள்ளும்.

சென்சாரைப் பற்றி ஒரு விஷயம். டிரம்மின் உள்ளே, வழக்கமாகக் கதவுக்குப் பக்கத்தில், விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும்போது மிகச் சின்ன மின்னோட்டம் துணி வழியாகப் பாயும். துணி காயக் காய அது குறையும். அதை வைத்துத்தான் மெஷின் முடிவு செய்கிறது. ஃபேப்ரிக் கண்டிஷனரும், டிரையரில் போடுகிற வாசனைத் தாளும் காலப்போக்கில் இந்தப் பட்டைகளின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலத்தைப் படியவிடும். படலம் படிந்தால் மின்னோட்டம் பாயாது, துணி காய்ந்துவிட்டது என்று நினைத்து மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? சென்சார் சரியில்லை என்று டைமருக்கு மாறி, ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டுகிறோம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், மெஷின் ஆறியிருக்கும்போது, வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்தப் பட்டைகளைத் துடைத்துப் பாருங்கள். மாதம் ஒரு தடவை துடைத்தால் போதும்.

அதே படலம் பஞ்சு வடிகட்டியிலும் படியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் செய்வதில்லை, அது வேறு கதை. ஆனால் தினமும் பஞ்சை எடுப்பவர்கள்கூட வலைக்கண்களை அடைத்துக்கொண்டிருக்கும் படலத்தைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் வலை வழியாகப் பொலபொலவென்று இறங்கினால் நல்லது. வலையின் மேலேயே குளம் கட்டி நின்றால், தண்ணீரே போகாத இடத்தில் காற்று எப்படித் தாராளமாகப் போகும்? சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

புகைபோக்கி போலக் குழாய் வைத்து ஈரக்காற்றை வெளியே தள்ளும் டிரையர் என்றால் அந்தக் குழாய்தான் அதன் மூச்சு. இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருநாள் பின்னால் விழுந்த சாக்ஸை எடுக்க மெஷினை நகர்த்திவிட்டு, திரும்பத் தள்ளும்போது சுவரோடு ஒட்டத் தள்ளிவிட்டேன். அதன் பிறகு முக்கால் மணியில் காய்ந்த துணிக்கு ஒன்றேகால் மணி ஆனது. மூன்று வாரம் மழை, குளிர் என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் எட்டிப் பார்த்தால் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் குழாய் சப்பையாக நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: டிரையர் ஓடும்போது வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் கையை நீட்டிப் பார்ப்பேன். சூடான காற்று கையைத் தள்ளுகிற மாதிரி வர வேண்டும், மூடித் தகடு நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று மூச்சு விடுகிற மாதிரி மெலிதாக வந்தால் எங்கோ அடைப்பு. குழாய் எவ்வளவு நேராகவும் குட்டையாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவும் குழாயைச் சில அடி நீட்டியதற்குச் சமம். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயையோ மெல்லிய அலுமினியத் தாள் குழாயையோ விட்டுவிட்டு, உள்புறம் வழுவழுப்பான உலோகக் குழாய் போடுங்கள். மடிப்புகளில்தான் பஞ்சு தங்கும். பஞ்சு தீப்பிடிக்க ஒரு பொறி போதும், டிரையர் தீவிபத்துகளில் சுத்தம் செய்யாத பஞ்சு முக்கியமான காரணம். வருடம் ஒரு தடவையாவது குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எரிவாயுவில் ஓடும் டிரையர் என்றால் குழாயை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் திருப்பிவிடக் கூடாது, அதில் கார்பன் மோனாக்சைடு வரும், உயிருக்கே ஆபத்து.

இந்த வகை டிரையர் தன் மீட்டரில் காட்டாத ஒரு செலவையும் வைக்கிறது. அது நிமிடத்துக்கு 3 முதல் 5 கன மீட்டர் காற்றை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வெளியே ஊதுகிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 200 கன மீட்டர். நாலு மீட்டர் நீள அகலத்தில் மூன்று மீட்டர் உயர அறை என்றால் அதன் காற்று முழுவதும் நாலு தடவை வெளியே போய்விட்டது என்று அர்த்தம். போன காற்றுக்குப் பதிலாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். வீட்டில் ஏசியோ ஹீட்டரோ ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் காற்றை அது முதலிலிருந்து குளிரவைக்க வேண்டும், இல்லை சூடாக்க வேண்டும். டிரையர் இருக்கும் அறையின் கதவைச் சாத்தி, அந்த அறையின் ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தால் இது பெருமளவு குறையும்.

அப்புறம் எவ்வளவு துணி போடுவது என்ற கேள்வி. டிரம்மில் முக்கால்வாசி போதும். திணித்துப் போட்டால் துணி புரளாது, நடுவில் இருப்பது ஈரமாகவே இருக்கும், ஓரம் தீய்ந்து போகிற அளவுக்குக் காயும். இரண்டு சட்டைக்காக ஓட்டினாலோ டிரம்மைச் சூடாக்கும் செலவு அப்படியே நிற்கும், துணியும் சென்சாரை அடிக்கடி தொடாது. கனமானதையும் மெல்லியதையும் பிரித்துப் போடுவது மிக முக்கியம். ஒரு ஜீன்ஸுக்காகப் பத்து பனியன் கூடவே அரைமணி நேரம் வீணாகச் சுற்றுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். படுக்கை விரிப்பு சுருண்டு பந்தாகி நடுவில் தலையணை உறைகளை விழுங்கிக்கொள்ளும். பாதியில் ஒரு தடவை நிறுத்திப் பிரித்துவிடுங்கள். அவசரத்துக்கு நாலைந்து துணி மட்டும் காய வேண்டும் என்றால் ஒரு பெரிய உலர்ந்த துண்டைக் கூடப் போட்டுப் பதினைந்து நிமிடத்தில் அதை மட்டும் வெளியே எடுத்துவிடலாம், ஈரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொண்டு வந்துவிடும். துணியோடு சேர்த்துச் சுற்றவிடும் கம்பளிப் பந்துகளைப் போடுவதால் பெரிய மிச்சம் என்று எனக்குத் தோன்றவில்லை, துணி சுருளாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இரண்டு மூன்று ஓட்டம் இருந்தால் ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டுங்கள், முதல் ஓட்டத்தில் சூடான டிரம் அடுத்ததற்குப் பயன்படும்.

சூட்டை எப்போதும் நடுத்தரத்திலோ குறைவிலோ வையுங்கள். நேரம் கூடும், ஆனால் வெளியே வீணாகப் போகிற சூடு குறையும், துணியும் நாள்பட உழைக்கும். கடைசிச் சில நிமிடம் ஹீட்டர் அணைந்து டிரம் மட்டும் சுற்றும். அதை இடையில் நிறுத்தி அவசரமாகத் துணியை எடுக்காதீர்கள், மிச்சமிருக்கும் சூட்டிலேயே கொஞ்சம் ஈரம் போகும். சமையல் எண்ணெய் படிந்த துணிகளை மட்டும் நன்றாகத் துவைத்த பிறகும் டிரையரில் போட வேண்டாம், சூட்டோடு குவிந்து கிடந்தால் அவை தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

புது டிரையர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹீட் பம்ப் வகையைத்தான் சொல்வேன். ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் இதிலும் இருக்கிறது. துணியைத் தொட்டு வந்த ஈரக்காற்றைக் குளிர்ந்த சுருள் மேல் விட்டுத் தண்ணீரைப் பிரித்தெடுத்து, அதில் கிடைத்த வெப்பத்தையே திரும்பக் காற்றுக்குக் கொடுத்து டிரம்முக்கு அனுப்புகிறது. ஆவியாக்கக் கொடுத்த வெப்பம் வீணாகாமல் மறுபடி மறுபடி வேலை செய்வதால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 யூனிட்டில் முடிந்துவிடும், சாதாரண டிரையரில் பாதிக்கும் குறைவு. வெளிச்சுவரில் துளை போட வேண்டாம், வீட்டுக் காற்றையும் இழுக்காது. விலை அதிகம், முழு ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும், அவசரக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும். வடிகட்டி இரண்டு இருக்கும், இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சு உள்ளே போய்ச் சுருளின் மெல்லிய தகடுகளில் படிந்தால் அது மிச்சம் பிடிக்கும் திறமையே போய்விடும். உறைகிற குளிர் அடிக்கும் கொட்டகையில் வைக்காதீர்கள், 5 டிகிரிக்குக் கீழே அது திணறும்.

குழாய் இல்லாத இன்னொரு வகை, வெறும் கண்டென்சர் டிரையர், பார்வைக்கு ஹீட் பம்ப் மாதிரியே இருக்கும், ஆனால் கரண்ட் பழைய டிரையர் அளவுக்கு இழுக்கும், சூட்டையும் அறைக்குள்ளேயே விடும். கடையில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றிலேயே செய்யும் மெஷின்களில் உலர்த்தும் கொள்ளளவு துவைக்கும் கொள்ளளவைவிடக் குறைவு, 8 கிலோ துவைத்துவிட்டு அப்படியே உலர்த்தப் போட்டால் முழுதாகக் காயாது. வேறு இடமே இல்லை என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

துணியிலிருந்து பிரித்த தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி உள்ள டிரையர் உங்களிடம் இருந்தால் தராசுகூட வேண்டாம். ஒரே துணி மூட்டையை ஒருநாள் 800 சுற்றிலும் அடுத்த தடவை 1,400 சுற்றிலும் பிழிந்து உலர்த்தி, இரண்டு தடவையும் தொட்டியில் சேர்ந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம், பஞ்சு கலந்திருக்கும் என்பதால் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.